நிலவேம்புச் சக்கை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது மூன்று பேர். ஆராய்ச்சி செய்கிற மேடம், அவருக்கு மேலே இருக்கிற புரொபசர் சார், கதவோரமாக டிரேயைப் பிடித்துக்கொண்டு நான். நாலாவதாக ஒருவரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மைக்ராஸ்கோப்புக்கு அடியில், உள்ளங்கை அகல பிளாஸ்டிக் டப்பாவுக்குள், ரோஸ் கலர் தண்ணீரில் யாரோ ஒருவருடைய தோல் புற்றுநோய் இருந்தது. அந்த ஆள் எந்த ஊர், ஆணா பெண்ணா, இருக்கிறாரா போய்விட்டாரா, ஒன்றும் தெரியாது. அவருக்கு வந்த நோய் மட்டும் சாகாமல், டப்பாவுக்கு டப்பா மாறி, பெங்களூர் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"வாங்கண்ணா, நீங்களும் பாருங்க" என்றார் மேடம். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். என் வயதில் பாதிதான் இருக்கும். நான் மேடம் என்பேன், அவர் அண்ணா என்பார்.

டிரேயை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். முதலில் மருந்து போடாத டப்பாவைக் காட்டினார். செல்கள் எல்லாம் தரையோடு தரையாகப் படுத்து, கையையும் காலையும் நீட்டி, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தன. அப்புறம் மருந்து போட்டதைக் காட்டினார். அதில் எல்லாம் சுருண்டு உருண்டையாகி, பிடி விட்டு மிதந்துகொண்டிருந்தன.

"இதெல்லாம் செத்துடுச்சா மேடம்?"

"முக்கால்வாசி செத்துருச்சுண்ணா. எல்லாம் நம்ம நிலவேம்புல இருந்து எடுத்ததுதான். நீங்கதான காய வச்சு இடிச்சுக் கொடுத்தீங்க."

சாரும் பார்த்தார். அவர் கன்னடக்காரர். அவர் வாயில் "பரவாயில்லை" என்று வந்தால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று இரண்டு முறை சொன்னார். "இன்னும் சில தடவை செஞ்சு பாரு. திரும்பத் திரும்ப இதே வந்தா அப்புறம் சந்தோஷப்படலாம்" என்றும் சொன்னார். அந்தப் பின்பாதி என் காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. என் வலது காலில், ஷூவுக்குள், சாக்ஸுக்குள், குதிகாலுக்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அதைப் பற்றி அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாது.

பயம் எனக்குப் புதிது இல்லை. எட்டாவதில் கணக்குப் பரீட்சை அன்றைக்கு வயிற்றுவலி என்று படுத்தவன், அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். அவள் சொல்வாள்: "உனுக்கு ஒரு தும்மல் வந்தா போதும்யா, ஊரைக் கூட்டி சொத்து பிரிக்கற ஆளு நீ. பிரிக்கறதுக்கு சொத்து இல்லாததால நாங்க தப்பிச்சோம்."

இப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலை, புற்றுநோய் வளர்க்கிற இடத்தில் அட்டெண்டர். கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டும், பெரிய குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோக்ளேவில் வேகவைக்க வேண்டும், வேலை முடிந்த டப்பாக்களில் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றி, ரோஸ் கலர் வெளுத்த பிறகு கழிவில் சேர்க்க வேண்டும். இரண்டு கையிலும் உறை போட்டுக்கொள்வேன், சில நாள் ஒன்றின் மேல் ஒன்று. சேர்ந்த புதிதில் ஒரு நாள் மூடி சரியாக இறுகாத டப்பா ஒன்று கை தவறிச் சாய்ந்து, அந்த ரோஸ் தண்ணீர் என் வலது காலில் கொட்டிவிட்டது. ஷூ போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அன்றைக்கு ரப்பர் செருப்பில் இருந்தேன். யாரிடமும் சொல்லாமல் பாத்ரூமுக்குப் போய் சோப்புப் போட்டு, தோல் எரிகிற வரைக்கும் கழுவினேன்.

அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புள்ளியைப் பார்த்தேன். எங்கள் வீடு ஸ்ரீராம்புரத்தில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி வழி விட வேண்டிய சந்தில். வாசல் குழாயடியில் உட்கார்ந்து கால் தேய்த்துக்கொண்டிருந்தபோது குதிகாலில் கறுப்பாக என்னவோ தெரிந்தது. காகிதத்தில் மை சொட்டினால் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாகப் பரவுமே, அப்படி.

"தார் ஒட்டிக்கினு இருக்கு. சீமெண்ணெய் போட்டுத் தேயி" என்றாள் மனைவி.

தேய்த்தேன். போகவில்லை. மறுநாளும் தேய்த்தேன். அது தார் இல்லை என்று எனக்குப் புரிந்தபோது குழாயை மூடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொட்டிய கால் எதுவோ, புள்ளி வந்த கால் அதே கால். யாரோ ஒருவருடைய நோய் டப்பாவில் இருந்து இறங்கி என் மேல் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பெயர் சொல்லாத வரைக்கும் அது புள்ளிதானே.

அன்றிலிருந்து வீட்டில் என் தட்டைத் தனியாகக் கழுவினேன். சாக்ஸை அவள் துணியோடு போட விடவில்லை. பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் நாலைந்து நாள் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, எவளையாச்சும் புடிச்சுக்கினியா? புடிச்சிருந்தா சொல்லு, அவளாண்டயாவது வாடகையில பாதி வாங்கலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று எப்படிச் சொல்வது?

இந்த நிலைமையில்தான் மேடம் என்னைக் கூப்பிட்டு அந்தச் செத்த செல்களைக் காட்டினார். நான் அந்த இடத்திலேயே ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். டப்பாவில் இருப்பதும் என் காலில் இருப்பதும் ஒரே நோய். டப்பாவில் இருப்பதை நிலவேம்பு கொன்றுவிட்டது. நிலவேம்பு எங்களுக்குத் தெரியாத பொருளா? காய்ச்சல் பரவிய வருஷமெல்லாம் சந்து முழுக்க அண்டாவில் காய்ச்சி டம்ளர் டம்ளராகக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தவர்கள் யாரும் செத்துப் போகவில்லை.

மேடம் எடுக்கும் மருந்தைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. ஊசி முனை அளவு வெள்ளைப் பொடி, அதைத் தராசில் வைத்து மூச்சுவிடாமல் நிறுப்பார். ஆனால் சக்கை இருந்தது. நான் இடித்துக் கொடுக்கிற இலைத்தூளை ஸ்பிரிட் மாதிரி வாசனை வரும் ஒரு திரவத்தில் ஊறவைத்து, குலுக்கும் மெஷினில் வைத்து, வடிகட்டுவார்கள். வடிந்த பச்சைத் தண்ணீர் மேடத்துக்கு. வடிகட்டித் தாளில் நிற்கும் சக்கை என்னிடம் வரும், தட்டில் பரப்பிக் காயவைத்து மூட்டையாகக் கட்டிப் போட. குப்பைக்குப் போகிற பொருள்தானே என்று ஒரு பொட்டலம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தண்ணீரில் குழைத்து, குதிகாலில் அப்பி, பழைய பனியனைக் கிழித்துக் கட்டி, மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றிப் படுப்பேன். காலையில் கழுவிவிட்டு சாக்ஸ் போட்டு வேலைக்குப் போவேன். பொட்டலம் தீர்ந்தால் அடுத்தது. ஒரு நாள் மனைவி அந்தத் தூளைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாது இது?"

"நிலவேம்பு. காலு வெடிப்புக்கு."

விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "கசக்கவே இல்ல. இது இன்னா நிலவேம்பு? எவனோ வைக்கோலை இடிச்சுக் கொடுத்திருக்கான். எவ்ளோ கொடுத்த?"

"சும்மா கிடைச்சது."

"அதான்."

அப்போதாவது நான் யோசித்திருக்கலாம். கசப்பு இல்லாத நிலவேம்பு எங்கே இருக்கிறது. ஆனால் பயந்தவனுக்குக் கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் அதை விடமாட்டான். கட்டுப்போட ஆரம்பித்த பிறகு எனக்குத் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. கொஞ்ச நாளில் குதிகால் சிவந்து, தோல் உரிந்து, தண்ணீர் கசிய ஆரம்பித்தது. ஸ்பிரிட் மாதிரி அந்த வாசனை சக்கையில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதனாலா, ஈரத்தில் கட்டிக் கட்டி வைத்ததாலா தெரியாது. வலித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உரிந்த இடத்தில் கறுப்பு வெளுத்தது போலத் தெரிந்தது. செல் எல்லாம் பிடி விட்டு மிதக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நொண்டாமல் நடக்க முடியாத நிலை வந்தபோது மேடம் கவனித்துவிட்டார்.

"கால்ல என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல மேடம். ஷூ கடிச்சிருச்சு."

"கழட்டுங்க, பாப்போம்."

"வேணாம் மேடம். நாத்தம் அடிக்கும்."

"நான் எலிக்கூண்டு கழுவினவ. கழட்டுங்கண்ணா."

ஸ்டூலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினேன். அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த முகம் எனக்குச் சொல்லிவிட்டது. எப்போதில் இருந்து இருக்கிறது, முன்னால் எவ்வளவு பெரிசு, ஓரம் எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரோஸ் தண்ணீர் கொட்டியது, தட்டைத் தனியாகக் கழுவுவது, சக்கை, எல்லாம்.

"ஐயோ அண்ணா" என்றார். அப்புறம், "அந்தத் தண்ணி பட்டதால இது வரலை. அது வேற ஒருத்தரோட செல். உங்க உடம்பு அதை உள்ள விடாது, அந்நியன்னு அடிச்சுத் துரத்திரும். உங்க வீட்டுக்காரங்களுக்கும் உங்ககிட்ட இருந்து ஒட்டாது. இது உங்களுக்கே வந்தது. எதுவா இருந்தாலும் டாக்டர் பாக்கணும்" என்றார்.

"மருந்துதான் போடறேனே மேடம். உங்க மருந்துதான்."

"சக்கையில என்னண்ணா இருக்கு? இருந்த கசப்பை எல்லாம் நான் உருவி எடுத்துட்டுத்தான உங்ககிட்ட தர்றேன்."

என் மனைவியின் நாக்குக்குத் தெரிந்தது என் மூளைக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் விடாமல் கேட்டேன். "அப்ப அந்த வெள்ளைப் பொடியையே கொஞ்சம் கொடுத்தீங்கன்னா?"

அவர் எழுந்து போய், நான் தினமும் ஊற்றுகிற பிளீச்சிங் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "இதை டப்பாவுல ஊத்துனா செல் சாகுதா இல்லையா?"

"சாகுது."

"அப்ப இதைக் கால்ல கட்டுவீங்களா?"

நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"டப்பாவுல சாகறது சுலபம்ணா. சோப்புத் தண்ணியில கூட சாகும். நல்ல செல்லை விட்டுட்டு கெட்டதை மட்டும் கொல்லுதா, உடம்புக்குள்ள போனா ரத்தத்துல நிக்குதா, ஈரலைக் கெடுக்குதா, இதெல்லாம் பாக்கவே எத்தனையோ வருஷம் ஆகும். பார்த்த பிறகு ஒண்ணும் இல்லாமலும் போகும்."

"அப்ப நீங்க செய்யறது பொய்யா மேடம்?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. "பொய் இல்லண்ணா. டப்பாவுல நிஜம். அதுக்கு வெளியில இன்னும் யாருக்கும் தெரியாது" என்றார். பிளீச்சிங் பாட்டிலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். "அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேனே. நான் பாட்டுக்கு செத்துருச்சுன்னு சொல்லிட்டேன்."

மறுநாளே அவரே என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மனைவியும் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். வரிசையில் உட்கார்ந்தபோது எதிரில் இருந்தவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை. கால்களையே பார்த்தேன். எல்லாருடைய காலும் என் காலை விட நன்றாக இருந்தது.

டாக்டரம்மா பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்தார், லைட்டைத் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். "யாக்கே ஹீகே மாடிதிரி?" என்றார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. அப்புறம் தமிழிலேயே திட்டினார். "மேல எல்லாத்தையும் வேக வச்சுக் கொண்டு வந்திருக்கீங்க. இதுல எது புண்ணு, எது நோய்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? இப்ப வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினா புண்ணுன்னுதான் ரிப்போர்ட் வரும். கீழ இருக்கறது தெரியாமலே போயிடும். முதல்ல இது ஆறட்டும். அப்புறம்தான் எடுக்கணும்."

"மேல வெளுத்துட்டு வந்ததே டாக்டர்" என்றேன்.

"மேல வெளுத்தா கீழ இல்லைன்னு யார் சொன்னது? செடியை மேல வெட்டினா வேர் போயிடுமா?"

புண்ணுக்குக் களிம்பு எழுதிக்கொடுத்தார். வேறு எதையும் தொடக்கூடாது, இலையோ தூளோ எண்ணெயோ எதுவும் கூடாது என்று என் மனைவியிடம் சொன்னார், என்னிடம் இல்லை.

அந்தக் காத்திருப்பை எழுத எனக்குச் சரியாக வரவில்லை. கட்டுப்போட்ட காலத்திலாவது நான் எதையோ செய்துகொண்டிருந்தேன். இப்போது கால் நன்றாக ஆற ஆற, அதற்கடியில் இருக்கிற கறுப்பு தெளிவாகத் தெரிய வந்தது. புண் ஆறுவதைப் பார்த்து மனிதன் பயப்படுவானா? நான் பயந்தேன். வெளுத்துவிட்டது என்று நான் நினைத்தது, ஊறிப்போன வெள்ளைத் தோல்தான். அது உரிந்து விழுந்ததும், அதே மைச்சொட்டு, அதே பிசிறு ஓரம், இன்னும் கொஞ்சம் அகலமாக.

மனைவி கிண்டல் பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னை ரொம்ப நடுங்க வைத்தது. நான் ஏதாவது புலம்பினால் "கொஞ்சம் வாயை மூடுறியா" என்பவள், "சரி, சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள். நான் தள்ளிப் போட்ட பாயை இழுத்துத் தன் பாயோடு சேர்த்துப் போட்டாள். என் தட்டையும் அவள் தட்டையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவினாள். வேலைக்குப் போகும் வழியில் மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போது, இந்தக் கூட்டத்தில் ஒருத்தன் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். உடனே அவள் ஒருத்திக்குத் தெரியும் என்று தோன்றும். அது இன்னும் மோசமாக இருக்கும்.

புண் ஆறிய பிறகு சதை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் சந்தேகம் இருக்கிறது, சாயம் போட்டுப் பார்க்கிற ஒரு டெஸ்ட்டை வெளியில் செய்துகொண்டு வந்தால் சீக்கிரம் தெரியும் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கார்டில் மற்ற செலவெல்லாம் அடங்கியது, அது அடங்கவில்லை. நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது, கூட வந்திருந்த மேடம் கவுண்டரில் போனைக் காட்டிக் கட்டிவிட்டார். எட்டாயிரம் ரூபாய். அவருக்கு வருகிற ஸ்காலர்ஷிப்பே மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு வரும் என்று எனக்குத் தெரியும்.

ரிப்போர்ட்டை டாக்டரம்மா படித்தபோது நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புற்றுநோய்தான் என்றார். என் மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். மேல்தோலோடு நிற்கிறது, கீழே இறங்கவில்லை, அகலமாக வெட்டி எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். "இன்னும் கொஞ்ச நாள் அந்தக் கட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்கன்னா இதை நான் சொல்லியிருக்க முடியாது."

குதிகாலில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று அடுத்த ரிப்போர்ட் வந்தது. அன்றைக்குத்தான் மனைவி வாயைத் திறந்தாள். "தொடைத் தோலு காலுக்கு வந்திடுச்சு. இனிமே நீ எதுல நடக்கற, எதுல உக்கார்றன்னே தெரியாது." நர்ஸ் சிரித்துவிட்டார். நான் அழுதேன்.

போய்விட்டது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். பார்ப்பதற்கு என்னை விட ஆள் கிடைக்குமா? தினமும் கண்ணாடியைத் தரையில் வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கிறேன். நகத்தடி, விரலிடுக்கு, உள்ளங்கை. கொசு கடித்த இடத்தைக்கூட மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் சொறிவேன்.

மேடம் படிப்பு முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். நிலவேம்பில் எடுத்த அந்தப் பொடியை இன்னொருவர் வந்து தொடர்கிறார். டப்பாவில் சாகிறது, எலியில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இலை இன்னும் நான்தான் இடிக்கிறேன். சக்கையை மூட்டை கட்டும்போது வாயை இறுக்கிக் கட்டுகிறேன்.

மேடம் ஊரை விட்டுப் போகும் முன் அந்த எட்டாயிரத்தைப் பற்றிக் கேட்டேன். திருப்பித் தர வேண்டாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் மாதம் ஐந்நூறு அனுப்புங்கள், அதோடு குதிகாலைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், இரண்டும் சேர்ந்து வந்தால்தான் வாங்கிக்கொள்வேன் என்றார். சம்பளம் வருகிற அன்றைக்கு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து காலை நீட்டுகிறேன், மனைவி எடுக்கிறாள். அனுப்பியதும் அவர் பார்த்துவிட்டதாக நீலக்குறி விழும். அப்புறம் அவர் பதில் வருகிற வரைக்கும் நான் எதையும் கையில் எடுப்பதில்லை. சில சமயம் சீக்கிரம் வரும், சில சமயம் சாயங்காலம் ஆகிவிடும். பெரிசு பண்ணிப் பார்க்கிறாரோ, எதையோ பார்த்துவிட்டாரோ என்று தோன்றும். "நல்லா இருக்குண்ணா" என்று வந்த பிறகுதான் தண்ணீர் குடிப்பேன்.

போன மாதம் மனைவிக்கு போனஸ் வந்தது. மிச்சத்தையும் ஒரேயடியாகக் கட்டிவிடலாம், பாவம் அந்தப் பொண்ணு எத்தனை மாதம்தான் இந்தக் காலைப் பார்க்கும் என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. போனஸில் ஒரு குக்கர் வாங்கினாள். இந்த மாத ஐந்நூறும் போட்டோவும் போய்விட்டன, பதிலும் வந்துவிட்டது. இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.